ஓப்பன் சோர்ஸ் சைடு புராஜெக்ட்: ஒரு சின்ன வெப் ஆப்பைத் தனி ஆளாகக் கட்டி, வெளியிட்டு, பராமரிக்க முழுமையான வழிகாட்டி

வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்ச நேரம். தனியாக சைடு புராஜெக்ட் செய்கிறவருக்குக் கிடைப்பது இவ்வளவுதான். அதற்குள் ஒரு வெப் ஆப் கட்டி, அதன் கோடையும் எல்லோருக்கும் திறந்துவிட்டு, அது நாலு பேருக்குப் பயன்பட வேண்டும் என்றால், எந்த ஃபிரேம்வொர்க் (ஆப் கட்ட உதவும் ஆயத்தக் கோட் தொகுப்பு) எடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் நீங்கள் தொடவே இல்லை என்றாலும் அது ஓடுமா?

சைடு புராஜெக்டுகள் பெரும்பாலும் எழுதி முடித்த பிறகுதான் சாகின்றன. இலவசமாக சர்வர் தந்த நிறுவனம் திட்டத்தை நிறுத்திவிடும். டொமைனைப் புதுப்பிக்க மறந்து போகும். ஏதோ ஒரு லைப்ரரி (மற்றவர் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோட்) புதுப் பதிப்புக்கு மாறியிருக்கும், பில்ட் (கோடை ஓடும் ஆப்பாக மாற்றும் வேலை) ஓடாது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்தால் கிடைத்த ஒரு மணி நேரமும் அதற்கே போய்விடும். அடுத்த வாரம் உட்கார மனசே வராது. ஆகவே இங்கே சொல்லப்போகும் ஒவ்வொரு முடிவும், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் ஆப் உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஒரே கணக்கில் எடுக்கப்பட்டது.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எதுவும் கைக்கு வராது. அதனால் ஓர் ஆப்பை எடுத்துக்கொள்வோம்: தமிழ் எழுத்து எண்ணி. ஒரு பெட்டி இருக்கும். அதில் தமிழ் உரையை ஒட்டினால் எத்தனை எழுத்து, எத்தனை சொல், அனுப்பினால் எத்தனை எஸ்எம்எஸ் என்று காட்டும். அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் சரியாகச் செய்ய நிறைய யோசிக்க வேண்டியிருக்கும். முதல் சைடு புராஜெக்டுக்கு இப்படிப்பட்ட ஒன்றுதான் பொருத்தம்.

படி 1: ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

ஆப் என்ன செய்யும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "மற்றும்" என்று ஒட்டிக்கொண்டே போனால் யோசனை இன்னும் பெரிதாக இருக்கிறது என்று பொருள். இந்த மாதம் உங்களுக்கே அது தேவைப்படுகிறதா என்றும் பாருங்கள். தேவைப்பட்டால்தான் அதில் இருக்கும் குறை உங்கள் கண்ணில் படும். பத்தாயிரம் பேர் சேர்ந்தால்தான் பயன்படும் என்கிற யோசனைகள், அதாவது சந்தை, சமூக வலைத்தளம், சாட் போன்றவை, தனி ஆளுக்கு வேண்டாம். முதல் பயனருக்கே முழுப் பயன் தரும் யோசனையாக இருக்கட்டும்.

எழுத்து எண்ணி யாருக்குத் தேவை? குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர்களுக்கு ஒரு சொல் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று தெரிய வேண்டும். சிறுகதைப் போட்டிக்கு அனுப்புகிறவர் சொல் கணக்கு பார்ப்பார். பெற்றோருக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும் பள்ளி அலுவலகத்தில் காசுக் கணக்கு இருக்கிறது. இந்த மூன்று பேரும் யாரிடமும் பதிவு செய்துகொள்ளத் தயாராக இல்லை. பக்கத்தைத் திறந்து, ஒட்டி, பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஏற்கெனவே என்ன இருக்கிறது என்றும் தேடிவிடுங்கள். தமிழுக்கு 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் லைப்ரரி இருக்கிறது. எழுத்துகளைப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் அதிலேயே உண்டு. பைத்தான் எழுதுகிறவருக்கு அது போதும். குறுக்கெழுத்து போடுகிற ஆசிரியருக்கு அது போதாது, அவருக்குத் தேவை போனில் திறக்கும் ஒரு பக்கம். உங்கள் ஆப்புக்கு இடம் அங்கேதான் இருக்கிறது.

படி 2: "வேண்டாம்" பட்டியல்

எதைச் செய்யப்போவதில்லை என்று முதல் நாளே எழுதி, ரெப்போவிலேயே (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் சேமிப்பிடம்) போட்டுவிடுங்கள். நம் ஆப்புக்கு: லாகின் கிடையாது, எழுத்துப்பிழை திருத்தம் கிடையாது, பிடிஎஃப் கிடையாது, பழைய எழுத்துரு மாற்றி கிடையாது.

கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த உரையை யாராவது கட்டாயம் ஒட்டுவார்கள். அந்த எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். உங்கள் ஆப் "0 எழுத்து" என்று காட்டும், அவரோ ஆப் கெட்டுப் போயிருக்கிறது என்று நினைப்பார். இதற்காக மாற்றி எழுத உட்கார்ந்தால் அது தனியாக இன்னொரு புராஜெக்ட். முதல் பதிப்பில் "இதில் யூனிகோடு தமிழ் எழுத்து எதுவும் இல்லை, பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கலாம்" என்று ஒரு வரி காட்டினால் போதும்.

படி 3: சர்வர் வேண்டாம்

பிரவுசருக்குள்ளேயே முடியக்கூடிய வேலையை சர்வருக்குக் கொண்டு போகாதீர்கள். சர்வர் இருந்தால் பில் வரும், பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும், நள்ளிரவில் விழவும் செய்யும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று மூன்று கோப்புகள் இருந்தால் உலகத்தில் எந்த இலவச ஹோஸ்டிங்கிலும் ஓடும். நாளைக்கு ஓரிடம் மூடினால் அரை மணி நேரத்தில் இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

லைப்ரரி விஷயத்திலும் கையை இறுக்கிப் பிடியுங்கள். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்பேட்' என்ற குட்டி ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை அதை எழுதியவர், இப்படிப்பட்ட தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்-மிலிருந்து எடுத்துவிட்டார். மொத்தமே 11 வரிக் கோடு, ஒரு சரத்தின் (எழுத்துத் தொடரின்) இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் வேலை. அது இல்லாமல் பெரிய நிறுவனங்களின் பில்டுகள்கூட உடைந்தன. 11 வரியை நீங்களே எழுதிக்கொள்ள முடியும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்காக ரியாக்ட், வூ, ஸ்வெல்ட் போன்ற ஃபிரேம்வொர்க்குகள் எல்லாம் தவறு என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் தினமும் ரியாக்டில் எழுதுகிறவருக்கு அதில்தான் கை ஓடும் என்றால் அதிலேயே எழுதலாம். அப்படியானால் லாக் கோப்பை (எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் கோப்பு) கட்டாயம் கமிட் செய்யுங்கள், அதாவது ரெப்போவில் பதிவு செய்யுங்கள். நோட்ஜேஎஸ் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் கருவி) எந்தப் பதிப்பு என்பதையும் ரெப்போவில் எழுதி வையுங்கள். ஆனால் ஒரு பெட்டியும் மூன்று எண்களும் உள்ள பக்கத்துக்கு ஃபிரேம்வொர்க் எதுவும் தேவைப்படாது என்பது என் கருத்து.

படி 4: ஆப்பின் உயிர்நாடி

ஒவ்வொரு சின்ன ஆப்பிலும் இது சரியாக இல்லையென்றால் மற்ற எதுவும் பயனில்லை என்கிற ஒரு இடம் இருக்கும். உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதியை அங்கே போடுங்கள். நம் ஆப்பில் அது எண்ணும் இடம்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ் என்று மூன்று. ஜாவாஸ்கிரிப்டில் சரத்தின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து கோட் பாயிண்டுகள் (தனி எண் தரப்பட்ட அலகுகள்) இருக்கின்றன. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் கோப்பாகச் சேமித்தால் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15 பைட். ஒரே சொல்லுக்கு மூன்று விடைகள், மூன்றும் சரி. குறுக்கெழுத்துக்காரருக்கு மூன்று வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்புகிறவருக்கு ஐந்து வேண்டும்.

எழுத்துகளைப் பிரிக்க நீங்களே எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்டின் 'இன்ட்ல்' தொகுப்பில் 'செக்மென்டர்' என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மொழி தமிழ், அலகு 'கிராஃபீம்' என்று கொடுத்தால் த, மி, ழ் என்று பிரித்துத் தரும். குரோமில் 2020 முதலும், சஃபாரியில் 2021 முதலும் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில்தான் வந்தது. ஆகவே பழைய ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்களுக்காக ஒரு மாற்று வழி தேவை: ஒரு எழுத்தும் அதைத் தொடரும் குறிகளும் சேர்ந்தது ஓர் அலகு என்று ஒரே வரி ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் வடிவங்களைத் தேடும் குறியீடு) எழுதிவிடலாம்.

பிரித்த துண்டுகளில் காற்புள்ளி, இடைவெளி, எண்கள் எல்லாம் இருக்கும். தமிழ் வரிவடிவமா என்று மட்டும் பார்த்தால் ௧, ௨ போன்ற தமிழ் எண்களும் உள்ளே வந்துவிடும். தமிழ் வரிவடிவமும் வேண்டும், 'எழுத்து' என்ற யூனிகோடு வகையும் வேண்டும் என்று இரண்டு சோதனைகளும் வையுங்கள்.

அப்புறம் வருகிறது உண்மையான சிக்கல். 'கொ' என்ற எழுத்தை க என்பதோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எஸ்எம்எஸ் கணக்கில் ஒன்று 2, மற்றொன்று 3. எண்ணுவதற்கு முன்னால் உரையை என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் நார்மலைஸ் செய்தால், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால், இரண்டும் ஒன்றாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டிலேயே அதற்கு ஃபங்ஷன் இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பயனர் எஸ்எம்எஸ் அனுப்பப்போவது நீங்கள் நார்மலைஸ் செய்த உரையை அல்ல, அவர் கையில் இருக்கும் உரையை. எழுத்துக் கணக்குக்கு நார்மலைஸ் செய்ததையும், எஸ்எம்எஸ் கணக்குக்கு ஒட்டியதை அப்படியேயும் எடுங்கள்.

'ஔவை' இன்னும் கடினம். ஔ என்பது ஒரே எழுத்து. ஆனால் பலர் 'ஒ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டிவிடுகிறார்கள். 'ஔவை' இரண்டு எழுத்து, 'ஒளவை' மூன்று எழுத்து. 'கௌரி', 'கெளரி' விஷயமும் இதே. நார்மலைஸ் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை இவை வேறு வேறு எழுத்துகள். 'ஒளி' என்பதில் ஒகரமும் ளகரமும் உண்மையாகவே வருகின்றன, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் முடியாது. இதற்கு என் தீர்வு: மாற்றாதீர்கள், சந்தேகம் உள்ள இடத்தை மஞ்சளில் காட்டி "இது ஔ-வா?" என்று கேளுங்கள். அதையும் இரண்டாம் பதிப்புக்குத் தள்ளி வைக்கலாம்.

'ஸ்ரீ' இரண்டு எழுத்தா, ஒன்றா? செக்மென்டர் ஸ், ரீ என்று இரண்டாகப் பிரிக்கும். 'க்ஷ' என்பதும் அதற்கு இரண்டு. 'ஃபேன்' என்பதில் ஆய்தத்தைத் தனி எழுத்தாக எண்ணினால் மூன்று, புதிர்க் கட்டத்தில் ஃபே ஒரே கட்டம் என்றால் இரண்டு. இதில் சரி, தவறு என்று எதுவும் இல்லை. நீங்கள் ஒரு முடிவு எடுத்து, அதை எழுதி வைக்க வேண்டும். அந்த விதிகளைப் பக்கத்தின் அடியிலேயே நாலு வரியில் போட்டுவிட்டால், பின்னால் வரும் வாக்குவாதங்களில் முக்கால்வாசி வராமலேயே போகும்.

எஸ்எம்எஸ் கணக்கு: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் எழுத்து ஒன்றே ஒன்று உள்ளே வந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி, எல்லை 70 ஆகக் குறையும். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும், ஒவ்வொரு துண்டிலும் 67 மட்டுமே. இந்த 70 என்பது கோட் பாயிண்டுக் கணக்கு. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, எஸ்எம்எஸ்-க்கு ஏழு. தமிழ் எழுத்து மட்டும் உள்ள உரைக்கு சரத்தின் நீளமே விடை.

சொற்களை இடைவெளி வைத்துப் பிரித்தால் போதும். ஆனால் காலிப் பெட்டியைப் பிரித்தால் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு காலித் துண்டைத் தரும், ஆப் "1 சொல்" என்று காட்டும். இந்தப் பிழையைப் பல ஆப்களில் இன்றும் பார்க்கலாம்.

இவை அனைத்தையும் ஓர் அட்டவணையாக எழுதுங்கள்: இடப்பக்கம் உரை, வலப்பக்கம் வர வேண்டிய எண். தமிழ், 3. ஔவை, 2. ஸ்ரீ, 2. அஃது, 3. காலி உரை, 0. வலைப்பக்கங்களிலிருந்து காப்பி செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். அது நடுவில் இருக்கும் 'தமிழ்', அதற்கும் 3. இந்த அட்டவணைதான் உங்கள் டெஸ்ட். நோட்ஜேஎஸ்-இலேயே டெஸ்ட் ஓட்டும் வசதி இருக்கிறது, 20-ஆம் பதிப்பிலிருந்து அது நிலையானது. தனி டெஸ்ட் லைப்ரரி எதுவும் வேண்டாம். இதற்கு வசதியாக எண்ணும் ஃபங்ஷன்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்புக்குப் பக்கத்தைப் பற்றி எதுவுமே தெரியக் கூடாது.

படி 5: பக்கத்தைக் கட்டுதல்

எச்டிஎம்எல் தலையில் மொழி தமிழ் என்று குறிப்பிடுங்கள். திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் வாசிப்பது என்று முடிவு செய்யும். வெப் ஃபான்ட் வேண்டாம். ஆண்ட்ராய்டில் நோட்டோ இருக்கிறது, விண்டோஸில் நிர்மலா இருக்கிறது, ஆப்பிள் கருவிகளிலும் தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. வரி இடைவெளியை மட்டும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். ஆங்கிலத்துக்கு வைக்கும் அளவில் தமிழ்க் கொக்கிகளும் சுழிகளும் ஒன்றோடு ஒன்று இடிக்கும்.

பெட்டியில் மாற்றம் நடந்ததை அறிய 'கீஅப்' நிகழ்வைப் பயன்படுத்தாதீர்கள், 'இன்புட்' நிகழ்வைப் பயன்படுத்துங்கள். போனில் தங்கிலிஷில் தட்டி, பரிந்துரைகளில் ஒன்றைத் தொட்டுத் தமிழாக்குகிறவர்கள்தான் அதிகம். அங்கே விசை நிகழ்வுகளை நம்ப முடியாது. மவுஸால் ஒட்டும்போது விசையே அழுத்தப்படுவதில்லை.

பயனர் தந்த உரையைத் திரையில் காட்ட வேண்டி வந்தால் வெறும் உரையாகவே போடுங்கள், எச்டிஎம்எல்லாகச் செருகாதீர்கள். சர்வரே இல்லாத பக்கத்திலும் இந்த ஒழுங்கு வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு வேலை. வெளிவராத கதையை, பெற்றோருக்கு அனுப்பும் செய்தியை மக்கள் உங்கள் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். "உங்கள் உரை எங்கும் போகாது" என்று எழுதி வைப்பது எளிது. அதை பிரவுசரே உறுதி செய்யும்படியும் செய்யலாம். 'கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி' என்ற மெட்டா டேக்கில் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டு, உங்கள் தளத்தின் ஸ்கிரிப்டையும் ஸ்டைலையும் மட்டும் அனுமதியுங்கள். அதன் பிறகு உங்கள் ஸ்கிரிப்ட் உரையைப் பின்னணியில் வேறொரு சர்வருக்கு அனுப்ப முயன்றால் பிரவுசர் தடுத்துவிடும். எதிர்காலத்தில் யாராவது வெளியிலிருந்து ஒரு டிராக்கரை (பயனரை வேவு பார்க்கும் கோட்) சேர்த்தாலும் அது வேலை செய்யாது. கோட் படிக்கத் தெரிந்தவர் ஒரே வரியைப் பார்த்து உங்கள் வாக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஓப்பன் சோர்ஸாக வெளியிடுவதன் பலன் இங்கே நேராகத் தெரிகிறது.

பகிரும் வசதி வேண்டும் என்றால், உரையை முகவரியில் '#' குறிக்குப் பின்னால் வையுங்கள். அந்தப் பகுதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. 2020-இல் சைடு புராஜெக்டாகத் தொடங்கிய எக்ஸ்காலிட்ரா என்ற ஓப்பன் சோர்ஸ் வரைபலகை, பகிரும் படங்களைப் பூட்டும் சாவியை இந்த இடத்தில்தான் வைக்கிறது. படம் அவர்கள் சர்வரில் இருந்தாலும் அவர்களால் அதைத் திறந்து பார்க்க முடியாது.

படி 6: ரெப்போ, லைசென்ஸ், வேலை ஒப்பந்தம்

கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பிலோ, பெர்லினில் உள்ள லாபநோக்கற்ற அமைப்பு நடத்தும் கோட்பெர்கிலோ ரெப்போ தொடங்குங்கள். முதல் கமிட்டுக்கு முன்னால் மின்னஞ்சல் அமைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு கமிட்டிலும் உங்கள் முகவரி பதிவாகும், அதை உலகமே படிக்கலாம். உங்கள் உண்மை முகவரியை மறைக்க கிட்ஹப் தரும் மாற்று முகவரியைப் பயன்படுத்துங்கள். கடவுச்சொல், ஏபிஐ சாவி போன்றவை தவறி உள்ளே போய்விட்டால், அந்த வரியை அழித்து மறுபடி கமிட் செய்வது பயன் தராது, வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். சாவியையே ரத்து செய்து புதிது வாங்க வேண்டும்.

லைசென்ஸ் கோப்பு இல்லாத கோட், பார்க்கத் திறந்திருந்தாலும் ஓப்பன் சோர்ஸ் ஆகாது. பதிப்புரிமைச் சட்டப்படி எல்லா உரிமையும் உங்களிடமே இருக்கும், வேறு யாரும் அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. எந்த லைசென்ஸ்? யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும், என் பெயர்க் குறிப்பு மட்டும் இருக்கட்டும் என்றால் எம்ஐடி. மாற்றி வெளியிடுகிறவர் தன் கோடையும் திறக்க வேண்டும் என்றால் ஜிபிஎல். சர்வரில் வைத்து சேவையாக ஓட்டுகிறவரும் திறக்க வேண்டும் என்றால் ஏஜிபிஎல். எழுத்து எண்ணிக்கு நான் எம்ஐடி-தான் சொல்வேன். எண்ணும் ஃபங்ஷனை ஒரு செய்தித்தாள் நிறுவனம் தன் மென்பொருளில் போட்டுக்கொண்டால், அதன் பயன் அங்கே உரை தட்டுகிறவர்களுக்குப் போய்ச் சேரும்.

நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் நியமனக் கடிதத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, வேலையின் ஒரு பகுதியாக உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நிறுவனம்தான். வேலை நேரத்துக்கு வெளியே எழுதியதற்கும் உரிமை கோரும் விதிகள் சில ஒப்பந்தங்களில் இருக்கும். சொந்த லேப்டாப்பில், சொந்த நேரத்தில் எழுதுங்கள். விதி தெளிவாக இல்லையென்றால் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

படி 7: வெளியிடுதல்

திறந்த ரெப்போவுக்கு கிட்ஹப் பேஜஸ் என்ற ஹோஸ்டிங் இலவசம். தளம் 1 ஜிபி வரை இருக்கலாம், மாதம் 100 ஜிபி வரை போக்குவரத்து என்பது அவர்கள் சொல்லும் எல்லை. நம் சின்னக் கோப்புகளுக்கு அது கடல் அளவு. ரெப்போவின் செட்டிங்கில் எந்தக் கிளையிலிருந்து வெளியிடுவது என்று சொன்னால் கொஞ்ச நேரத்தில் முகவரி உயிர் பெறும்.

உங்கள் கணினியில் ஓடியது அங்கே ஓடவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, பேஜஸ் முகவரியில் உங்கள் ரெப்போ பெயர் ஒரு துணைப் பாதையாக வரும். கோப்பு முகவரியை சாய்வுக்கோட்டில் தொடங்கியிருந்தால் அது தளத்தின் வேரில் போய்த் தேடும், கிடைக்காது. எல்லாவற்றையும் சார்பு முகவரியாக எழுதுங்கள். இரண்டு, கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, அங்கே உள்ள சர்வர் கண்டுகொள்ளும்.

சொந்த டொமைன் தேவையா? முதல் வருடத்துக்கு வேண்டாம். வருடா வருடம் பணம் கட்ட வேண்டிய ஒன்றை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். தவறவிட்டால் அந்தப் பெயரை வேறு யாராவது வாங்கி எதை வேண்டுமானாலும் அதில் போடலாம், உங்கள் பழைய இணைப்புகள் எல்லாம் அங்கே போய் நிற்கும்.

படி 8: ரீட்மீ

ரீட்மீ என்பது ரெப்போவைத் திறந்ததும் தெரியும் அறிமுகக் கோப்பு. அதன் முதல் திரைக்குள் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: இது என்ன, ஓடும் பக்கத்துக்கு இணைப்பு, ஒரு படம். அதற்குக் கீழே எண்ணும் விதிகள், "வேண்டாம்" பட்டியல், எப்படி ஓட்டுவது. ஜாவாஸ்கிரிப்டை மாட்யூலாக எழுதியிருந்தால் எச்டிஎம்எல் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் வேலை செய்யாது, பிரவுசர் தடுக்கும். பைத்தானில் உள்ளேயே வரும் எச்டிடிபி சர்வரை ஒரே கட்டளையில் ஓட்டலாம், அந்தக் கட்டளையை அப்படியே எழுதி வையுங்கள். புதிதாக வருகிற மாணவர் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

தமிழ்க் கருவிக்குத் தமிழில் ரீட்மீ இருக்கட்டும், பக்கத்தில் ஆங்கிலப் பிரதியும் இருக்கட்டும். மலையாளத்துக்கோ சிங்களத்துக்கோ இதே போன்ற ஒன்றைச் செய்ய நினைப்பவர் ஆங்கிலம் வழியாகத்தான் உங்களைக் கண்டுபிடிப்பார்.

படி 9: மற்றவர்கள் வரும்போது

முதலில் வருவது பக் ரிப்போர்ட். "எண்ணிக்கை தப்பு" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ரெப்போவில் குறைகளைப் பதியும் இஷ்யூ படிவத்தில் மூன்று கேள்விகள் வைத்துவிடுங்கள்: என்ன உரை ஒட்டினீர்கள், என்ன எண் வந்தது, என்ன எண் வந்திருக்க வேண்டும். அந்த மூன்று விடைகளும் அப்படியே டெஸ்ட் அட்டவணையின் ஒரு வரி ஆகிவிடும். கோட் எழுதத் தெரியாத தமிழாசிரியர்கூட இப்படி உங்கள் புராஜெக்டுக்குப் பங்களிக்கலாம். சொல்லப்போனால் நம் ஆப்புக்கு அவர் தரும் ஒரு வரிதான் அதிக மதிப்புள்ளது.

புல் ரிக்வெஸ்டுகளில் (சேர்த்துக்கொள்ளச் சொல்லி மற்றவர்கள் அனுப்பும் மாற்றங்கள்) ஒரே நிபந்தனை வையுங்கள்: கோட் மாற்றம் எதுவானாலும் அதோடு சேர்த்து அட்டவணைக்கு ஒரு வரியும் வர வேண்டும். 2020 அக்டோபரில் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்வின்போது, இலவச டி-ஷர்ட்டுக்காக ரீட்மீயில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி ஏராளமான புல் ரிக்வெஸ்டுகள் குவிந்தன. விருப்பம் தெரிவித்த ரெப்போக்கள் மட்டும் கணக்கில் வரும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது ஏஐ கருவிகள் எழுதித் தரும் கோடும் அப்படி வருகிறது. டெஸ்ட் வரி கேட்டால் உண்மையாக ஆப்பைப் பயன்படுத்துகிறவர் மகிழ்ச்சியோடு தருவார், மற்றவர் திரும்பிப் போய்விடுவார். "வேண்டாம்" பட்டியலில் இருப்பதை யாராவது எழுதிக்கொண்டு வந்தால், நன்றி சொல்லி, பட்டியலைக் காட்டி, தனி ஆப்பாகக் கிளைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். லைசென்ஸ் அதற்குத்தான் இருக்கிறது.

எழுதும் அனுமதியை மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில் பின்வாசல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளர் உரிமையும் வாங்கிய ஒருவர் வழியாக அது உள்ளே வந்தது. அதற்கு முன்னால், சோர்ந்து போயிருந்த பராமரிப்பாளரை "ஏன் தாமதம்?" என்று சிலர் மின்னஞ்சலில் நெருக்கியிருந்தார்கள். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள டெவலப்பர், எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால்தான் பிடிபட்டது. உங்கள் எழுத்து எண்ணியை யாரும் அப்படிக் குறிவைக்கப்போவதில்லை. ஆனால் நெருக்கடிக்குப் பயந்து சாவியைக் கொடுக்கும் பழக்கம் சின்ன புராஜெக்டிலும் வரக் கூடாது. கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டுவிடுங்கள். "இந்த வாரம் முடியாது, மாதக் கடைசியில் பார்க்கிறேன்" என்று எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. எம்ஐடி லைசென்ஸே எந்த உத்தரவாதமும் இல்லை என்றுதான் சொல்கிறது.

படி 10: வருடத்துக்கு ஒருமுறை

வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். புதிய போன் ஒன்றிலும் பழைய போன் ஒன்றிலும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டெஸ்டை ஓட்டுங்கள். திறந்து கிடக்கும் இஷ்யூக்களில் செய்யப்போவதில்லை என்று தெரிந்தவற்றைக் காரணம் எழுதி மூடுங்கள். பழைய ஃபயர்ஃபாக்ஸுக்காக எழுதிய மாற்று வழி இனித் தேவையில்லை என்று தோன்றினால் அழித்துவிடுங்கள். சைடு புராஜெக்டில் கோட் குறைவது நல்ல செய்தி.

ஆர்வம் போய்விட்டது என்றால் ரெப்போவை ஆர்க்கைவ் செய்யலாம். படிக்க மட்டும் முடியும், புதிய இஷ்யூ வராது, வெளியிட்ட பக்கம் தொடர்ந்து ஓடும். அதற்கு முன்னால் ரீட்மீயின் முதல் வரியில் பராமரிப்பு நின்றுவிட்டது என்று தேதியோடு எழுதுங்கள். யாராவது கிளைத்து நன்றாக நடத்திக்கொண்டிருந்தால் அதன் இணைப்பையும் அங்கேயே கொடுங்கள். டெஸ்ட் அட்டவணையைத் தனிக் கோப்பாக, சாதாரண உரை வடிவில் விட்டுவிட்டுப் போங்கள். அடுத்து இதே வேலையை வேறு மொழியில், வேறு கருவியில் செய்ய வருகிறவர் உங்கள் ஜாவாஸ்கிரிப்டை எடுக்க மாட்டார். அந்த அட்டவணையைத்தான் எடுப்பார்.